முந்திக்கொண்ட நிழல்

ஸ்க்ரூடிரைவரை எடுக்கக் குகன் கையை நீட்டினான். சுவரில் விழுந்திருந்த அவன் நிழல் அதற்குள் எடுத்துவிட்டிருந்தது.

கண் சோர்வு என்று நினைத்தான். மத்தியானத்திலிருந்து பழைய தண்ணீர் பம்ப் ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருக்கிறான். கிள்ளானில் விடாத மழை. வீட்டின் பின்புறம் சாய்த்து இறக்கிய தகரக் கொட்டகையில் மழைச் சத்தம் தவிர வேறெதுவும் காதில் விழவில்லை. கருகிய செம்புக் கம்பியின் வாடையும் கிரீஸ் வாடையும் ஈரத்தோடு கலந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தன. விளக்கு மட்டும் புதிது. காலையில் செலாயாங் பாசாரில் மலிவாகக் கிடைத்த எல்.இ.டி. கிளிப் விளக்கு, கழுத்தை எந்தப் பக்கம் வளைத்தாலும் அப்படியே நிற்கும். வேலை மேசையின் மூலையில் அதைக் கவ்வவிட்டதும், பழைய மஞ்சள் பல்பில் இத்தனை வருஷமாகத் தெரியாத துருவும் கீறலும் விரல் ரேகையும் வெள்ளை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிந்தன. எதிர்ச்சுவரில் அவன் நிழல் கருகருவென்று, ஓரம் கலங்காமல் விழுந்திருந்தது.

கையை மெல்லத் தூக்கினான். நிழல் முன்பே தூக்கியிருந்தது. இறக்க நினைத்தான். அது இறக்கிவிட்டது. பிறகுதான் அவன் கை இறங்கியது.

"மாதவி! இங்க கொஞ்சம் வா."

மனைவி சமையலறையிலிருந்து ஈரக் கையை நைட்டியில் துடைத்தபடி வந்தாள்.

"அந்தச் சுவர பாரேன். என் நிழல் சரியாத்தானே இருக்கு?"

மாதவி பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மழைநாளில் நோகும் வலது மணிக்கட்டை இடது கையால் தேய்த்துக்கொண்டே நின்றாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "லைட்டு ரொம்ப வெள்ளை லா. கண்ணு கெட்டுப்போவும். வந்து சாப்பிடுங்க."

போய்விட்டாள். அந்த மணிக்கட்டை உடைத்தது குகன்தான். போன தீபாவளி சமயம், குடித்துவிட்டு, கதவிடுக்கில் வைத்துச் சாத்தினான். குளியலறையில் வழுக்கி விழுந்ததாக அவள் டாக்டரிடம் சொன்னாள். செந்தூலில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவன் குடிப்பதில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மன்னித்துவிட்டாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

சுவரைப் பார்க்காமல் வேலை செய்ய முயன்றான். முடியவில்லை. ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. திரும்பினான்.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். சுவரில் நிழல் எழுந்து நின்றுவிட்டது. நிழலுக்கும் அவனுக்குமான இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. நிழலின் பக்கத்தில் இன்னொரு நிழல் வந்தது. கொட்டகையில் அவனைத் தவிர யாருமில்லை. இரண்டு நிழல்களும் நெருங்கி, பின்னி, ஒரே கருப்பாய்க் குழம்பின. அந்தக் கருப்பிலிருந்து ஒரு கை மேலே எழுந்தது. கையில் சுத்தியல்.

இறங்கியது. எழுந்தது. இறங்கியது.

சத்தமில்லை. மழை மட்டும்.

ஓங்கும் அந்தக் கையை அவனுக்குத் தெரியும். அவனுடைய கைதான். வேறு யார் இந்த வீட்டில் கை ஓங்கியிருக்கிறார்கள்?

விளக்கை அணைக்கப் போனான். பயம் தடுத்தது. இருட்டில் தன் கை என்ன செய்யும் என்று அவனுக்கே தெரியாது. வெளியே ஓடிவிடலாம். ஆனால் இருக்கிற ஒரே வழி சமையலறை. அங்கே அவள் இருக்கிறாள்.

ஸ்டூலடியில் கிடந்த சுத்தியலைக் காலால் எத்தினான். கதவோரம் போய் நின்றது. போதாது. சாமானைக் கவ்விப் பிடிக்க மேசையில் திருகியிருந்த இரும்பு வைஸின் வாயை அகற்றி, வலது கையை உள்ளே வைத்தான். இடது கையால் முறுக்கினான். தோல் வெளுத்தது. முறுக்கினான். விரலெலும்பு நொறுங்கும் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்று. பிறகு, தானே கழற்றிவிடக் கூடாதென்று, கைப்பிடிக் கம்பியை உருவித் தூர எறிந்தான்.

"மாதவி! வராத! கதவ பூட்டிக்க!"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கதவு திறந்தது.

அவள் அவன் கையைப் பார்த்தாள். மேசையிலிருந்து ரத்தம் சொட்டியது.

"என்னங்க இது?" குரல் உயரவே இல்லை.

"உன்ன அடிச்சே கொன்னுருவேன் மாதவி. சுவர்ல பாத்தேன். அதான் கைய மாட்டிக்கிட்டேன். நீ போயிரு. அக்கா வீட்டுக்குப் போயிரு."

அவள் குனிந்தாள். நிமிர்ந்தபோது கையில் சுத்தியல் இருந்தது.

"நானும் அப்பவே பாத்தேன்" என்றாள். "அது உங்க கை இல்லைங்க."

அவன் சுவரைப் பார்த்தான். நிழல்கள் விலகியிருந்தன. இப்போது தெளிவாகத் தெரிந்தது. கீழே கிடந்தது ஓர் ஆண். ஒரு கை மேசையோடு சிக்கியிருந்தது. இழுத்தது. இழுத்துக்கொண்டே இருந்தது. மேலே நின்றதற்குக் கணுக்கால்வரை நைட்டி.

குகன் இழுத்தான். கை வரவில்லை.

முதல் அடி தோளில். இரண்டாவது தாடையில். கத்த வாய் திறந்தான். வாய் நிறையப் பல். முழங்கால் மடிந்தது. கை மட்டும் மேலே, வைஸில்.

"மாத..."

மூன்றாவது.

ஒரு கண்தான் மிச்சமிருந்தது. அது சுவரைப் பார்த்தது.

அங்கே எல்லாம் முடிந்திருந்தது. ஆண் நிழல் ஒரு கையில் தொங்கியது. தலை இருக்கவேண்டிய இடத்தில் தலையின் வடிவம் இல்லை. பெண் நிழல் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு, அவிழ்ந்த கூந்தலை இரண்டு கையாலும் அள்ளி, நிதானமாக முடிந்துகொண்டிருந்தது.

அவன் முன்னால், மாதவியின் கை இன்னும் உயர்ந்துகொண்டிருந்தது.