பின்னால் வரும் குழு

இரண்டு அறைகளுக்குப் பின்னால் ஒரு கதவு டக்கென்று பூட்டிக்கொண்டது. சென்ஸி பேச்சை நிறுத்தவில்லை. பதினோரு வருடமாக அந்த மலைக்கோட்டையைச் சுற்றிக் காட்டுகிறவளுக்கு அது காதில் விழாத சத்தம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு குழு உள்ளே வரும், முன்னால் போகிறவர்கள் அறையை விட்டதும் கதவு பூட்டிக்கொள்ளும், பின்னால் இருப்பவர்கள் முன்னேறுவார்கள். ராஜா தூங்கும்போது குறட்டையை யார் எண்ணினார்கள் என்ற அரதப்பழசான வேடிக்கையைச் சொல்லி, வழக்கமான இடத்தில் வழக்கமான சிரிப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. இது நான்கு மணிக் குழு. இன்றைக்குக் கடைசி. பின்னால் யாரும் கிடையாது.

காவலாளி வெண்டலின் சீக்கிரமே விளக்கணைக்க வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, அவருக்கும் வீடு போய்ச் சேர வேண்டுமே.

ராஜாவின் படுக்கையறையில் மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்து நாறியது. தரையில் கீறல் விழாமலிருக்க, வருகிறவர்கள் எல்லோரும் காலணிக்கு மேலேயே பெரிய கம்பளிச் செருப்பை மாட்டிக்கொண்டு சரக் சரக்கென்று இழுத்து நடந்தார்கள். எல்லோருக்கும் கடைசியில், தன் காலைப்போல் இரண்டு மடங்கு செருப்பில், ஃபினி.

ஃபினிக்கு ஏழு வயது. சென்ஸி மே மாதம் கட்டிக்கொண்ட குவிரினுக்கு முதல் மனைவியிடம் பிறந்தவள். பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் இழுத்துச் செல்லும் இழுவையை ஓட்டும் குவிரின் இன்று காலைதான் முதன்முறையாகப் பிள்ளையை இவளிடம் தனியாக விட்டான். "உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லும்போது அவன் குரலில் ஒரு பயம் இருந்தது. அதுவே இவளுக்கு எரிச்சல். பிள்ளையையும் பிடிக்கவில்லை. வெளியே சொல்லிக்கொள்ள முடியாது, ஆனால் பிடிக்கவில்லை. எதைக் கேட்டாலும் பதில் வராது, எங்கே போனாலும் பின்தங்கி நிற்கும், அம்மாவின் கண்களை வைத்துக்கொண்டு உற்றுப் பார்க்கும்.

"ஃபினி, வா." வரவில்லை. சுவரில் தீட்டியிருந்த வேட்டைக்காரர்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "ஃபினி!" மூன்றாவது முறை கூப்பிட்டபோது திரும்பிப் பார்த்தது. பார்த்தது, அவ்வளவுதான்.

சென்ஸி அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினாள்.

"ஐயையோ, பிள்ளை உள்ளேயே நிக்குதேம்மா" என்றாள் வடக்கேயிருந்து வந்திருந்த ஒரு பருமனான பெண்.

"பின்னால வர்ற குழு கூட்டிட்டு வந்துடும்" என்றாள் சென்ஸி. பின்தங்கியவர்களைப் பற்றி அங்கே எல்லோரும் சொல்லும் பதில்தான் அது. எப்போதும் அப்படித்தான் நடக்கும். தாண்டி வந்துவிட்டால், அந்தப் பக்கத்தில் கதவுகளுக்குப் பிடியும் கிடையாது, சாவித்துளையும் கிடையாது. உள்ளேயிருந்து சாவி போட்டு முன்னால் மட்டுமே போகலாம், திரும்ப முடியாது. ஒரு ஐந்து நிமிடம் இருட்டில் தனியாக நிற்கட்டும், வெண்டலின் கையைப் பிடித்துக் கூட்டி வரும்போது புத்தி வந்திருக்கும். நினைக்கும்போதே இனித்தது.

குட்டிக் கோயிலைக் காட்டினாள். எழுத்தறையைக் காட்டினாள். பின்னால் மறுபடியும் ஒரு கதவு பூட்டிக்கொண்டது. கடைசிக் கூடத்துக்குள் குழுவை அழைத்துக்கொண்டு நுழைந்தபோது, படிக்கட்டு வாசலில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வெண்டலின் நின்றிருந்தார்.

"என்ன சென்ஸி, ராஜாவோட ஒரேயடியா குடித்தனம் பண்ணப் போயிட்டியோன்னு நினைச்சேன்."

"நீங்க பின்னால வரலையா?"

"நான் ஏன் வரேன்? அரை மணியா இங்கேயேதான் நிக்கறேன். கீழ்க் கதவைப் பூட்டியாச்சு."

குழு கம்பளிச் செருப்புகளைக் கழற்றிப் பெட்டியில் எறிந்துவிட்டு, நன்றி சொல்லிக்கொண்டு படியிறங்கியது. அதற்குப் பிறகுதான் அவளால் வாயைத் திறக்க முடிந்தது. "ஃபினி படுக்கையறையில இருக்கா."

"எப்படி?"

"விட்டுட்டேன்."

வெண்டலின் அவளை ஒரு பார்வை பார்த்தார். வேலைக்காரர்களின் பின்படிக்கட்டு வழியாகச் சுற்றிப் போனால்தான் படுக்கையறை வாசல். சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அவருடைய பூட்ஸ் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சென்ஸி, தான் கூடத்துக்குள் நுழைந்த பூட்டிய கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். குவிரினுக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். தூரத்தில் ஒரு பூட்டு திறந்தது. கோயில் கதவு. அப்பாடா, வந்துவிட்டார். ஆனால் பூட்ஸ் சத்தம் இல்லை. சரக். சரக். கம்பளி தரையில் இழுபடும் சத்தம், ஒரு ஜோடி அல்ல, பத்து, இருபது, முப்பது, அவசரமே இல்லாமல், அறை முழுக்கப் பரவி, நின்று, எதையோ அண்ணாந்து பார்த்துவிட்டு, மறுபடி நகர்ந்தது.

கோயிலுக்கும் எழுத்தறைக்கும் இடையிலிருந்த கதவு திறந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம், அவள் இடுப்பு உயரத்தில், ஒரு மூச்சு.

"சென்ஸி?"

"ஃபினி! அங்கேயே நில்லு. வெண்டலின் வர்றாரு."

"அவரு படுக்கையறையிலேயே எங்களைத் தாண்டிப் போனாரு. நான் கூப்பிட்டேன். திரும்பவே இல்ல."

"எங்களைன்னா? கூட யாரு?"

"நீதான சொன்ன. பின்னால வர்ற குழு. நிறையப் பேரு. எல்லாரையும் யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்களாம். ஒரு அக்கா என் கையைப் பிடிச்சிருக்கா. விட மாட்டேங்குறா. ஜில்லுன்னு இருக்கு, சென்ஸி. கதவைத் திற."

கதவில் அவள் பக்கம் வெறும் பலகை. நகத்தால் பிராண்டினாள். நகம் பிய்ந்தது.

சாவி திரும்பியது. கதவு திறந்தது.

வெண்டலின். தனியாக.

"ஒவ்வொரு அறையா பாத்துட்டு வரேன்" என்றார் மூச்சுவாங்க. "யாருமே இல்லையே."

அவருடைய இரண்டு பக்கத்திலும் குளிர் உள்ளே வந்தது. ஈரக் கம்பளி நாற்றம். சரக். சரக். வெண்டலின் சிலுவை போட்டுக்கொண்டு சுவரோடு ஒட்டினார். சத்தம் சென்ஸியை உரசிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்குப் போனது. அங்கே வழி கிடையாது. ஆளுயர ஜன்னல்கள் மட்டும்தான். அவற்றுக்கு வெளியே மலைப்பள்ளம்.

யாரோ அவள் சட்டைக் கையைப் பற்றி இழுத்தார்கள். துணி குவிந்து எழுந்தது. ஐந்து சின்ன விரல்களின் அளவு.

"சென்ஸி, நான் இங்கதான் இருக்கேன். ஏன் என்னைப் பாக்க மாட்டேங்குற?"

அவள் பாய்ந்து பிடித்தாள். காற்று. மறுபடி பிடித்தாள். காற்று.

"பாக்குறேன்" என்று கத்தினாள். "பாக்குறேன்டி!" பொய். எதுவும் தெரியவில்லை. துணி நீண்டது. தையல் பிரிந்தது. ஒவ்வொரு விரலாக விட்டது.

ஜன்னல் கண்ணாடி அசையவில்லை. சத்தம் மட்டும் நின்றுபோனது.

வெளியே மங்கலான வெளிச்சத்தில் பனி கனமாக விழுந்துகொண்டிருந்தது. பள்ளத்துக்கு மேலே, கூடத்தின் தரை மட்டத்தில், சில இடங்களில் மட்டும் விழவில்லை. ஆள் வடிவில் வெற்றிடங்கள், ஜோடி ஜோடியாக, எதிர்மலையை நோக்கி நகர்ந்தன. கடைசியில் இருந்தது சின்னது. ஏழு வயது உயரம். நடக்க மறுத்தது. கோட்டைப் பக்கம் திரும்பி நின்றது. ஒரு கை நீண்டிருந்தது, பனி அதன்மேல் பட்டு விலகியது. இன்னொரு கையை முன்னாலிருந்த ஒன்று பிடித்து, தோள் பிசகும்படி, இழுத்துக்கொண்டே போனது.