ஈர வத்தல் எடை

அடுப்புச் சாம்பலில் கிடந்த முட்டை ஓட்டை முருகம்மாள் கண்டெடுத்த அன்று அந்த வீட்டில் நல்லபடியாக விடியவில்லை.

"காமாலை கண்டவனுக்கு முட்டையா குடுத்திருக்க? எம் புள்ளைய அள்ளிக் குழியில போடவா பாக்கிற...!"

மருமகள் பாண்டிலட்சுமி கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். ஈரல் சுருங்கிப்போன அவள் கணவன் சோணைமுத்துவுக்கு இரண்டு மாதமாகப் பத்தியக் கஞ்சிதான். அது மாமியார் போட்ட சட்டம். முட்டை கொடுக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னதை இவள் வந்து சொன்னபோது, "அவுகளுக்கு என்ன தெரியும்?" என்று அடக்கிவிட்டாள். பட்டாசுக் கம்பெனியில் மதியம் தனக்குத் தரும் அவித்த முட்டையை முந்தானையில் முடிந்துவந்து, மாமியார் கண்ணில் படாமல் அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள் அந்தப் பாவி மகள்.

"போன வெள்ளி மண்டித் தராசுல அறுபத்திரெண்டு கிலோ! மாசத்துல ஆறு கிலோ ஏறிருக்கு. எல்லாம் எங் கஞ்சி! அதைக் கெடுக்கப் பாக்கிறியே... இன்னைக்கு ஆஸ்பத்திரியில காட்டிட்டு அவனைத் திருத்தங்கல்ல எம் மக வீட்டுக்குக் கூட்டிப் போறேன். நீ வர வேணாம்!"

சோணைமுத்து இருபது வருடம் மூட்டை சுமந்த மிளகாய் வத்தல் மண்டி அது. வெள்ளிதோறும் அவனை அந்தத் தராசில் ஏற்றிப் பார்ப்பாள் தாய்.

"ஆஸ்பத்திரி வரைக்குமாவது வாரேன் அத்தை..." என்று கெஞ்சித்தான் பாண்டிலட்சுமி கூடப் போனாள்.

அங்கே நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிக்கும் தஹ்மீனா, அவன் புஜத்தை நாடாவால் அளந்தாள். கை வலுவைக் காட்டும் ஒரு கைப்பிடிக் கருவியைக் கொடுத்து இறுக்கச் சொன்னாள். முள் அசைந்தும் அசையாமலும் நின்றது. மூட்டை தூக்கிய கை!

"புஜம் ரெண்டு சென்டிமீட்டர் கொறைஞ்சிருக்கு. சதை கரையுதும்மா."

"எடை ஏறிருக்கே தாயி!"

"வயித்துலயும் கால்லயும் தண்ணி கட்டியிருக்கு. தராசு அதையும் சேத்துத்தானே காட்டும்?"

முருகம்மாள் மகனின் வீங்கிய காலைத் தொட்டு அழுத்திப் பார்த்தாள். அவளும் அதே மண்டியில் முப்பது வருடம் வத்தல் காம்பு கிள்ளியவள். தண்ணீர் தெளித்து எடை ஏற்றிய மூட்டையைத் தொட்டே சொல்லிவிடுவாள்.

"ஈர வத்தல் எடையா...! எம் புள்ளையவா அப்பிடி நிறுத்துச் சந்தோசப்பட்டேன்..."

"உப்பைத்தான் கொறைக்கணும், சாப்பாட்டை இல்ல. முட்டை, பருப்பு கொடுங்கன்னு போன மாசமே இவங்ககிட்டச் சொன்னேனே!"

"குடுத்தா..." என்றான் சோணைமுத்து, மூச்சு வாங்க. "தெனம் ஒண்ணு. அது அவ பங்கு. அவ திங்காம எனக்குக் குடுத்தா ஆத்தா..."

தஹ்மீனா முருகம்மாளைத் தனியே அழைத்தாள். "நோய் முத்திருச்சும்மா. எம்புட்டு நாளுன்னு சொல்ல முடியாது. இருக்கிற தெம்பு உங்க மருமக ஊட்டினதுல வந்தது."

ஆஸ்பத்திரி வாசல் கடையில் இரண்டு அவித்த முட்டை வாங்கினாள் முருகம்மாள். ஓட்டைத் தானே உரித்தாள். மகனுக்கு ஊட்ட ஒன்றை மருமகள் கையில் வைத்தாள். மற்றதை அவள் வாயருகே நீட்டினாள்.

"தின்னு தாயி... உன் வயித்தையும்ல காயப் போட்டுட்டேன்!"

பாண்டிலட்சுமி உடைந்து அழுதாள். கிழவி அவளை மார்போடு சேர்த்துக்கொண்டாள். திருத்தங்கல் பஸ் வந்து நின்று, ஆளேற்றிக்கொண்டு கிளம்பியது.

"அது போவட்டும். நம்ம வீட்டுக்குப் போவோம்," என்றாள் முருகம்மாள். "அவன் இருக்கிற வரைக்கும் நீயே ஊட்டு... எங் கண்ணு முன்னால வச்சே ஊட்டு."