தராசில் மாட்டக் கூடாதவை

மாதத்தின் முதல் தேதி காலை ஆறு மணிக்குச் செம்பரையில் எடை குறைப்பார்கள். சங்கு ஒருமுறை ஊதும். அடுப்பில் இருப்பதை இறக்கி, மூடியைக் கட்டிவிட வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சுவரில் பதித்த பிடியை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் வீடே ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். குடத்துத் தண்ணீர் ஓரமாக ஏறி நிற்கும். பிறகு எல்லாம் நேராகிவிடும். நேரான பிறகு நடந்து பார்த்தால், போன மாதத்தைவிட உடம்பு கொஞ்சம் லேசாக இருக்கும்.

இதற்குச் சிக்கனத் தவணை என்று பெயர்.

சிறுகோள்களுக்கு நடுவே மனிதர்கள் கட்டிய ஒன்பது வளைய நாடுகளில் செம்பரை ஏழாவது. ராட்டினம்போல அது சுழல்வதால்தான் அங்கே காலுக்குக் கீழே தரை என்று ஒன்று இருக்கிறது. சுழற்சி நின்றால் மனிதனும் மிதப்பான், அவன் சோறும் மிதக்கும். அசையாத ஒரு பெரிய கல்லுறைக்குள் உராய்ந்துகொண்டே சுழல்வதால் மோட்டார்கள் இரவு பகலாக ஓட வேண்டும். மோட்டாருக்கு எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்குக் கூட்டுக்காசு வேண்டும். ஒன்பது நாட்டுக்கும் அந்த ஒரே காசுதான். அதை அச்சடிக்கிற எந்திரம் மட்டும் முதல் வளையத்தில் இருந்தது.

செம்பரை கடன்பட்டுப்போனது. வளையத்தின் நட்டநடுவில் எடையே இல்லாத இடத்தில், மிதந்தபடியே விருந்து சாப்பிட ஒரு கண்ணாடி மண்டபம் கட்டினார்கள். முதல் வளையத்திலிருந்து கடன் வாங்கி, முதல் வளையத்து நிறுவனத்திடமே கண்ணாடி வாங்கிக் கட்டினார்கள். விருந்து சாப்பிட்டவர்கள் யார் என்று இன்று கேட்டால் கைகாட்ட ஒரு ஆள் இல்லை. அந்தக் கண்ணாடியைத் தோளில் சுமந்து ஏற்றியவர்களோ எல்லாரும் இங்கேதான் இருந்தார்கள். வட்டி கட்ட முடியாத வருடம் கடன்காரர்கள் சொன்னார்கள்: எரிபொருளை மிச்சம் பிடியுங்கள், சுழற்சியைக் குறையுங்கள். விருந்து மண்டபத்துக்கு இதனால் ஒரு குறையும் இல்லை. அங்கே முன்பும் எடை கிடையாது.

ஆறு தவணையில் ஆளின் எடை பாதியாகி நின்றது.

பெத்தணன் சரக்குத்துறையில் தாது மூட்டை சுமப்பவன். வயது நாற்பத்துமூன்று. அவனுக்கும் அவனோடு சுமந்த நானூறு பேருக்கும் கூலி எடைக்கணக்கில். கொட்டகைத் தூணில் கொக்கி வைத்த வில் தராசு ஒன்று தொங்கும். மூட்டையை மாட்டினால் முள் எங்கே நிற்கிறதோ அதற்குத்தான் காசு. ஐம்பது கிலோ மூட்டை இப்போது இருபத்தைந்தில் நின்றது. மூட்டைக்குள் தாது ஒரு பொடிகூடக் குறையவில்லை. அதைத் தள்ளி நகர்த்துகிற முக்கலும், ஓடிவருகிற மூட்டையை மார்பு கொடுத்து நிறுத்துகிற பாடும் குறையவில்லை. சுவருக்கும் அதற்கும் நடுவே விரல் மாட்டினால் நசுங்குவதும் குறையவில்லை. முள் மட்டும் குறைந்தது.

அதே மூட்டை கப்பலில் ஏறும்போது கதை வேறு. கடனுக்கு ஈடாகப் போகிற தாது அது. அதற்கு உலுக்குத் தராசு வைத்திருந்தார்கள். பொருளைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டி, அது எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று பார்த்து அளக்கிற எந்திரம். சுழற்சி கூடினாலும் குறைந்தாலும் அது ஏமாறாது. அங்கே ஐம்பது ஐம்பதாகவே இருந்தது.

"ஒரே மூட்டை சார். அங்க அம்பது, இங்க இருவத்தஞ்சா?" என்று பெத்தணன் கேட்டான்.

முதல் வளையம் அனுப்பிய கண்காணிப்பாளர் விமலாதித்தன் கத்துகிற ஆள் இல்லை. கணக்குப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு, பொறுமையாகச் சொன்னார். "எடை குறைஞ்சா வேலையும் சுலபம்தானே. சுலபமான வேலைக்கு எப்படிங்க முழுக்கூலி கேக்கறீங்க?"

பக்கத்தில் நின்ற மொக்கராசு சங்கத்துச் செயலாளர். வாய்க்காரன். "அப்ப உங்க கடனையும் இந்த முள்ளுலயே நிறுத்து வாங்கிக்கங்க சார். உங்களுக்கும் சுலபமா இருக்கும்ல" என்றான். கொட்டகை முழுக்கச் சிரித்தது. விமலாதித்தனும் லேசாகச் சிரித்தார். கூலி மாறவில்லை.

மறுநாள் மொக்கராசு எங்கிருந்தோ ஒரு பழைய இரும்பு எடைக்கல்லை உருட்டிக்கொண்டு வந்தான். அதன் தலையில் ஐம்பது என்று வார்த்திருந்தது. சாட்சிக்கல் என்று பெயர் வைத்தார்கள். தினமும் வேலை தொடங்கும் முன் அதைக் கொக்கியில் மாட்டுவார்கள். முள் நிற்கும். நானூறு பேரும் ஒரே குரலில் "இருவத்தஞ்சு" என்று சொல்வார்கள். அவ்வளவுதான். கல்லை இறக்கிவிட்டு வேலைக்குப் போவார்கள். யாரையும் திட்டவில்லை, எதையும் உடைக்கவில்லை. ஆனாலும் மூன்றாவது வாரம் தூணில் ஒரு பலகை வந்துவிட்டது, நான்கு ஆணி அடித்து.

பெத்தணன் நாற்பது வயதில் சங்கத்து வகுப்பில்தான் எழுத்துப் படித்தான். பலகைக்கு முன்னால் நின்று, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினான். யாருடைய உதவியும் இல்லாமல் அவன் முழுதாகப் படித்து முடித்த முதல் வரி அதுதான்: சரக்கு அல்லாத எதையும் தராசில் மாட்டக் கூடாது.

கூலியைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாதது வீட்டில் இருந்தது.

அவன் மகள் பவளத்துக்குப் பதினோரு மாதம். சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கும் உலுக்குத் தராசுதான். ஆட்ட ஆட்டப் பவளம் கெக்கலி கொட்டிச் சிரிப்பாள். ஒன்பது கிலோ, நல்ல வளர்த்தி என்று செவிலி சீட்டு எழுதிக் கொடுத்தாள். கூடவே ஒன்று சொன்னாள். பதினெட்டு மாதத்துக்குள் காலில் பாரம் விழ வேண்டும். விழாவிட்டால் கால் எலும்பு தேறாது. பிறகு எத்தனை எடை கொடுத்தாலும் நடை வராது.

பவளம் தரையை ஒரு உந்து உந்தினால் பரண் உயரத்துக்குப் போய் மெதுவாக இறங்குவாள். பெத்தணன் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"பறக்குதுன்னு சிரிக்கிறீங்களா?" என்றாள் அவன் மனைவி செவனம்மா. "பறக்குறதுக்கு இது என்ன குருவியா? நடக்கணுங்க. இன்னும் ஏழு மாசம்தான் இருக்கு."

அந்த ஏழு மாதத்துக்குள்தான் எல்லாம் நடந்தது. கடன் கட்ட மாட்டோம், கூட்டுக்காசும் வேண்டாம், நம் காசை நாமே அடித்துக்கொள்வோம் என்று சங்கம் கிளம்பியது. மொக்கராசு சாட்சிக்கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோனான். முச்சந்தியில் ஒரு வில் தராசைக் கட்டி, கல்லை மாட்டி, முள்ளைக் காட்டுவான். பேச்சு அதற்குமேல் தேவைப்படவில்லை. முதல் வளையம் மிரட்டியது. வங்கிகளை மூடினார்கள்; காசு எந்திரம் ஆளுக்கு நாளுக்கு இருபதுக்குமேல் தரவில்லை. கிழங்கு மாவுக்கு வரிசை மூன்று தெரு நீண்டது. வரிசையில் நின்றவர்கள் நின்றபடியே போய் ஓட்டும் போட்டார்கள். நூற்றுக்கு அறுபத்தொரு பேர் விலகுவோம் என்றார்கள்.

விமலாதித்தன் கணக்குப் பலகையோடு கப்பலேறினார். செம்பணம் என்ற புதுக் காசு வந்தது. அவசரத்துக்கு என்று பூட்டி வைத்திருந்த எரிபொருள் மோட்டாருக்குப் போனது. சங்கு ஊதியது. இம்முறை குடத்துத் தண்ணீர் மறுபக்கம் ஏறி நின்றது. அதைப் பார்த்து அழாத வீடு கிடையாது.

பதினைந்தாம் மாதத்தில் பவளம் எழுந்து நின்றாள், பொத்தென்று உட்கார்ந்தாள், வலித்து அழுதாள், மறுபடி எழுந்து மூன்று எட்டு வைத்தாள். விழுந்தால் வலிக்கிற அளவுக்கு எடை வந்துவிட்டதே என்று செவனம்மா குழந்தையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தூணிலிருந்து பலகையைப் பிடுங்கியது பெத்தணன்தான். உடைத்துப் போட மனம் வரவில்லை. படித்த முதல் வரி அல்லவா. சாக்கில் சுற்றிச் சாமான் அறையில் வைத்தான். மொக்கராசு நிதி அமைச்சரானான். சாட்சிக்கல்லுக்குத் தங்க வண்ணம் பூசி, சதுக்கத்தில் பீடம் கட்டி, சுற்றிலும் கண்ணாடி அடைத்தார்கள். வாரம் ஒரு மாலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்து வணங்கிவிட்டுப் போனார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒருநாள் மாலை மொக்கராசு பெத்தணனின் வீட்டுக்கு வந்தான். பெத்தணன் அப்போது கொட்டகை மேஸ்திரி.

"எரிபொருள் நாலு மாசத்துக்குத்தான் மச்சான் இருக்கு. விக்கிறவன் செம்பணத்தைக் கையால தொட மாட்டேங்கிறான்."

"சுழற்சியக் குறைக்கப் போறியா?"

"குறைச்சா ஊரு என்னைய உயிரோட விடுமா? ஒம் மகளும் மறுபடி பரணுக்குப் பறப்பா. அதெல்லாம் வேணாம். நிறுவைக் கொட்டகைய மட்டும் அஞ்சாம் தட்டுக்கு மாத்திருவோம்."

வளையத்தில் மக்கள் வாழ்வது வெளி விளிம்பில், முதல் தட்டில். அங்கேதான் முழு எடை. நடு மையத்தை நோக்கி மேலே ஏற ஏற எடை குறையும். ஐந்தாம் தட்டில் சரிபாதி. அதற்கு மோட்டாரைத் தொடவே வேண்டாம், ஏணி ஏறினால் போதும். கூலி பாதியானால் தாதுவை மலிவாகக் கொடுத்து எரிபொருள் வாங்கலாம். முதல் வளையத்துக்காரனுக்குக்கூட இந்த யோசனை வந்ததில்லை.

"அங்க போயி யாரு சுமப்பா?" என்று பெத்தணன் கேட்டான்.

"ஊசிப்பாறைக்காரங்க இருக்காங்கல்ல."

ஊசிப்பாறை எட்டாவது வளையம். அதுவும் கடனில் முழுகி, மோட்டார் நின்று, சனங்கள் படகு படகாகச் செம்பரைக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்கு எடை இல்லாம இருந்து பழக்கம்தானப்பா" என்றான் மொக்கராசு. "குடியிருப்பும் அங்கயே ஒதுக்கிருவோம். ஆறே மாசம். நாம என்ன அவங்கள வரச் சொல்லி வெத்தல பாக்கா வச்சோம்?"

பெத்தணன் வாசலைப் பார்த்தான். பவளம் சட்டி மூடி ஒன்றைத் தரையில் தேய்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள். காதைக் குடைகிற சத்தம். ஐந்தாம் தட்டில் தராசு முள் எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். ஆனால் அவன் ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை என்பதை மட்டும் பிற்பாடு தனக்குத்தானே பலமுறை சொல்லிக்கொண்டான்.

கொட்டகை மேலே போனது. தூண், தராசு, கொக்கி எல்லாம் பழையதையே பெயர்த்துக் கொண்டுபோய் நட்டார்கள். புதிது வாங்கக் காசு ஏது. ஆறு மாதம் ஆறு மாதமாக இரண்டு முறை நீட்டிப்பும் ஆனது.

ஊசிப்பாறையிலிருந்து வந்தவர்களில் மரியபாக்கியம் என்று ஒரு பெண். முதுகில் குழந்தையைக் கட்டிக்கொண்டே மூட்டை தள்ளுவாள். ஒருநாள் வேலை தொடங்கும் முன் தராசுக்கு எதிரே, பெத்தணன் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, நீங்கள்லாம் ஒரு கல்லு வச்சிருந்தீங்களாமே. அத ஒருக்கா இதுல மாட்டிக் காட்டுங்கண்ணே."

"அது சதுக்கத்துல இருக்கும்மா. கண்ணாடிக்குள்ள."

"எடுத்துட்டு வந்து மாட்டிட்டு, திருப்பி வச்சுரலாமேண்ணே."

"அதையெல்லாம் தொடக் கூடாது. அது தேசத்தோட சின்னம்."

 மரியபாக்கியம் முதுகுத் துணியை அவிழ்த்தாள். பையனை அதிலேயே தொட்டிலாக முடிந்து கொக்கியில் மாட்டினாள். மடியிலிருந்து சுகாதார நிலையத்துச் சீட்டை எடுத்து, எல்லாரும் பார்க்கிற மாதிரி உயர்த்திப் பிடித்தாள். உலுக்குத் தராசின் கணக்கு: ஒன்பது கிலோ.

முள் நாலரையில் நின்றது. பையன் கொக்கியில் ஆடியபடி சிரித்தான்.

"நாலரை" என்றான் கூட்டத்தில் ஒருவன். இன்னொருவன் சொன்னான். பிறகு கொட்டகையில் இருந்த முந்நூறு பேரும் சேர்ந்து ஒரே குரலில் சொன்னார்கள்.

"பதிமூணு மாசம்ணே இவனுக்கு" என்றாள் மரியபாக்கியம். "இன்னும் காலு ஊனல."

பெத்தணன் கணக்குப் பலகையை மார்போடு அணைத்துக்கொண்டான். கத்தவில்லை. பொறுமையாகத்தான் சொன்னான். "எடை குறைஞ்சா வேலையும் சுலபம்தானேம்மா. சுலபமான வேலைக்கு எப்படி முழுக்கூலி குடுக்க முடியும்?"

அவள் குழந்தையை இறக்கி முதுகில் கட்டிக்கொண்டு மூட்டையை நோக்கிப் போனாள். மறுநாள் காலையிலும் அவள் வந்து தராசுக்கு முன் நின்று துணியை அவிழ்த்தாள். அதற்கு மறுநாளும் அவிழ்த்தாள். இப்போது இன்னும் மூன்று தாய்மார்கள் கையில் சீட்டோடு பின்னால் நின்றார்கள்.

அன்று பெத்தணன் முதல் தட்டுக்கு இறங்கிச் சாமான் அறையைத் திறந்தான். சாக்கைப் பிரித்துத் தூசியை ஊதினான். வண்ணம் ஒன்றும் மங்கிவிடவில்லை. இப்போது எழுத்துக் கூட்ட வேண்டியிருக்கவில்லை. ஒரே மூச்சில் படித்துவிட்டான். பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, சுத்தியலும் நான்கு ஆணியும் எடுத்துக்கொண்டு ஐந்தாம் தட்டுக்கு ஏறினான்.

தூணில் பழைய ஆணித் துளைகள் நான்கும் அப்படியே இருந்தன. புதிதாக ஒன்றும் துளைக்க வேண்டியிருக்கவில்லை.