பொருந்தாத புள்ளி

காலையிலிருந்து நாலாவது தடவையாகப் போன் அலறியது!

"அந்தப் புள்ளிய அழிச்சிட்டியா?"

சசிக்குமார். செத்துப்போன அக்கா ரஜிதாவின் புருஷன். அடுத்த மாதம் கிருஷாந்தினிக்கும் அவன்தான் மாப்பிள்ளை... வீட்டார் முடிவு. அக்காவுக்கு முன்பே அவனை விரும்பியவள் இவள். அதுதான் கொடுமை!

"இன்னும் இல்ல மச்சான். ஒஃபீசுக்கு வாங்க."

மாத்தளை டவுனில், நோய்க் கணக்கு அலுவலகம். மழை, வயல், எலி... எல்லாவற்றையும் சொஃப்ட்வேருக்குள் போட்டு, காய்ச்சல் எப்படிப் பரவும் என்று ஓட்டிப் பார்ப்பது அவள் வேலை. எலிக்காய்ச்சலில் விழுந்த அத்தனை பேரும் அவள் வரைந்த கோட்டின்மேல் ஒழுங்காக உட்கார்ந்தார்கள்.

அதே காய்ச்சலில் செத்ததாக எழுதப்பட்ட எல்கடுவ தோட்டத்து ரஜிதா மட்டும் கோட்டுக்கு வெளியே தனிப் புள்ளியாக நின்றாள்!

நேற்று அதை அவனிடம் சொல்லியிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ஒத்தப் புள்ளிதானே? அழிச்சா கோடு அழகா வரும்!"

"ஆயிரம் தடவை ஓட்டிட்டேன் மச்சான். ஒரு தடவைகூட அக்கா சாகல."

"மெஷினுக்கு என்ன தெரியும்?"

"இது வயல் சேத்துல வர்ற காய்ச்சல். அக்கா பிள்ளைக்காம்பராவுல பச்சப்புள்ளைங்களப் பார்த்தவ. தேயிலை மலையில ஏது வயல்? அவ வயல்ல எறங்கினான்னு டொக்டர்கிட்ட யாரு சொன்னது?"

அவன் கதவுப் பக்கம் திரும்பினான்.

"நாளைக்கு அக்கா குழியத் தோண்டுறாங்க."

அவன் முகம் வெளிறியது. அவள் கையைப் பற்றினான்.

"உனக்காகத்தான் புள்ள! எலி மருந்து... தேத்தண்ணில... அவளுக்கு வலிக்கக்கூட இல்ல!"

"வலிச்சுது. நான்தான் பக்கத்துல இருந்தேன். தண்ணி கேட்டா... உங்களையும் கேட்டா!"

பக்கத்து அறைக் கதவு திறந்தது.

காலையிலேயே அவள் வரவழைத்திருந்த இன்ஸ்பெக்டர் பாறூக்!

விலங்கு விழுந்தது. கான்ஸ்டபிள்கள் அவனை இழுத்துப் போனார்கள்.

"ஆயிரத்துல ஒண்டுகூட இல்லையா? நல்ல சாட்சி புள்ள!"

"பொய் சார். ஓட்டினதுல நெறைய தடவை அக்கா செத்துட்டா."

பாறூக் திகைத்தார்!

"குழி தோண்ட நானும் இன்னும் ஓடர் எடுக்கல்ல... பொறகு எப்பிடிச் சந்தேகம் வந்திச்சு?"

"கோட்டுக்கு வெளிய ஒரு புள்ளி நிக்கிறது சகஜம் சார். அதை அழிக்கச் சொல்லி ஒரு புருஷன் விடிஞ்சதுலருந்து போன்மேல போன் எடுக்கிறதுதான் சகஜமில்ல."

சொல்லும்போதே உடைந்தாள். மேசையில் முகம் புதைத்து அழுதாள். அக்காவுக்காகப் பாதி. அவனுக்காகவும் பாதி... சனியன், அதுவும் உண்மை!

அழுது ஓய்ந்ததும் பாறூக் கேட்டார்.

"கலியாணத்துக்குப் பொருத்தம் எல்லாம் பார்த்தீங்களா?"

மூக்கை உறிஞ்சினாள்.

"பத்துக்கு எட்டுன்னாரு ஐயரு. அவரும் இந்த சொஃப்ட்வேர ஒருதரம் ஓட்டிப் பார்த்திருக்கலாம் சார்!"