பன்னிரண்டாவது பள்ளம்

ஆட்டுக்கு எண்ணத் தெரியாது, லோகநாதனுக்குத் தெரியும். வினை அங்கேதான் ஆரம்பித்தது. கோவிலம்பாக்கத்தில் ஏரி வாய்க்காலை ஒட்டி அவன் போட்டிருந்த கொட்டாயில் பதினோரு ஆடுகள். காலையில் அவற்றை வெளியே ஓட்டிவிட்டு, தரையில் கணுக்கால் ஆழத்துக்குப் பரப்பியிருந்த மரத்தூளைக் கிளறிவிடக் குனிந்தவன், குனிந்த வாக்கிலேயே நின்றுவிட்டான். ஆடு படுத்த இடம் மரத்தூளில் குழிந்திருக்கும். ஆட்டுக்கும் ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் ஒரே குணம், தினம் அதே இடத்தில்தான் உட்காரும். ஆகவே பதினோரு பள்ளம். அன்றைக்குப் பன்னிரண்டு இருந்தது.

மூலையில், ஒரு குட்டி சுருண்டு படுக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். அவனிடம் அப்போது குட்டியே கிடையாது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். மற்ற பள்ளங்கள் ஆறிப்போயிருந்தன. இது சுட்டது.

எண்பத்தெட்டாம் வருஷம், ஆடி பிறந்து நாலு நாள். வயல்களிலெல்லாம் கல் நட்டு மனை பிரித்துவிட்டார்கள். லோகநாதன் தன் பங்குக்கு வாய்க்கால் ஓரத்துத் துண்டை மட்டும் வைத்துக்கொண்டு ஆடு வளர்த்தான். முந்தின மழையில் ஈரத் தரையில் நின்று நின்று ஆடுகளுக்குக் குளம்பு அழுகிப்போனது. அதனால்தான் சித்திரையில் சிமெண்ட் ஷீட்டுக் கூரையும் மரத்தூள் மெத்தையும். அந்த வட்டாரத்தில் ஆட்டுக்கு மெத்தை போட்ட முதல் ஆள் அவன்தான். இரண்டாவது ஆள் இதுவரை இல்லை.

புதுக் காலனி ராஜாராமன் சார் ஸ்கூட்டரை நிறுத்தி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, ஆட்டுக்கு ஃபோம் பெட்டா? எங்காத்துல இன்னும் இலவம்பஞ்சுதான்" என்றார். லோகநாதனின் மச்சான் ஏகநாதன் அதற்கும் ஒரு படி மேலே போனான். "மச்சான், மூலையில எனக்கு ஒரு தலகாணி போட்டு வையி. உன் தங்கச்சி கத்துற கத்துல நானும் இங்கியே வந்து பட்துக்கறேன்."

மூலை. அவன் மூலை என்றுதான் சொன்னான். லோகநாதனுக்கு இப்போது நன்றாக ஞாபகம் வந்தது.

மச்சான் மேல் சந்தேகப்பட அவனுக்கு வேறு காரணமும் இருந்தது. அந்தக் கூரைக்குப் பின்னால் ஒரு திருட்டுத்தனம் இருந்தது. அதை மோப்பம் பிடிக்கக்கூடியவன் தினம் கொட்டாய்ப் பக்கம் வந்துபோகிற ஏகநாதன் ஒருவன்தான்.

கதை இதுதான். போன வருஷம் லோகநாதன் மஞ்சக்காமாலை முற்றி, கண் மூடிக் கிடந்தான். அவன் சம்சாரம் ஜெயக்கொடி பொன்னியம்மன் கோயிலில் ஈரச் சேலையோடு விழுந்து, "என் புருசன் உசுர வுட்டுடு தாயே, அந்த உசுருக்கு ஒரு உசுரு தரேன்" என்று ஒரு கறுப்புக் கடாவை நேர்ந்துவிட்டாள். அடையாளத்துக்கு அதன் இடது காதில் முக்கோணமாக ஒரு வெட்டு. அடுத்த ஆடி மூன்றாம் ஞாயிறு வெட்டவேண்டும். லோகநாதன் மூன்றாம் நாள் எழுந்து கஞ்சி கேட்டான். பிழைத்தவனுக்குத்தான் எத்தனை யோசனை! சித்திரையில் தாம்பரம் மரவாடி தனசிங், மகள் கல்யாணத்துக்கு நல்ல கடா தேடுகிறார் என்று கேள்விப்பட்டு, நேர்ந்துவிட்ட கடாவையே ஓட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டான். பதிலுக்கு எட்டு ஷீட்டும் இரண்டு வண்டி மரத்தூளும் வந்தன. விவரம் தெரியாத தனசிங், கல்யாணத்துக்கு வரச்சொல்லி இவனுக்கும் பிரியாணி போட்டார். சாப்பிட்டான்.

வீட்டுக்கு வந்து, மந்தையிலிருந்த இன்னொரு கறுப்புக் கடாவின் இடது காதை பிளேடால் அதே மாதிரி வெட்டினான். ஜெயக்கொடி பார்த்து, "இன்னாயா, இளைச்சிப்போச்சே" என்றாள். அதோடு முடிந்தது என்று நினைத்தான்.

இரண்டாம் நாள் பள்ளம் ஒரு பெட்டை ஆட்டின் அளவுக்கு வளர்ந்திருந்தது. நாலாம் நாள் நல்ல கடாவின் அளவு. யாரோ நடுராத்திரி வந்து படுத்துவிட்டுப் போகிறான், ஆடுகளைப் பழக்குகிறான், ஒருநாள் சத்தமில்லாமல் ஓட்டிக்கொண்டு போவான் என்று லோகநாதன் கணக்குப் போட்டான். அன்று சாயங்காலம் வாசற்படி நெடுக அடுப்புச் சாம்பலைச் சலித்துத் தூவிவிட்டுப் படலைக் கட்டினான். விடிந்ததும் ஓடிவந்து பார்த்தால் சாம்பலில் ஒரு கோழிக்கால் தடம்கூட இல்லை. உள்ளே பள்ளம் இன்னும் ஒரு சாண் நீண்டிருந்தது. ஆட்டு வாடையும் புழுக்கை வாடையும் தூக்கலாக வீசுகிற அந்தக் கொட்டாயில், அந்த மூலையில் மட்டும் மஞ்சளும் வேப்பிலையும் மணந்தது. பதினோரு ஆடுகளும் அந்தப் பக்கமே முகம் வைத்துப் படுத்து, அசைபோட்டுக்கொண்டிருந்தன.

கூரை வழியாக இறங்கியிருப்பானோ? ஏணி போட்டு ஏறி ஷீட்டின் போல்ட்டையெல்லாம் திருகிப் பார்த்தான். எல்லாம் கெட்டியாக இருந்தது. நேரே டீக்கடைக்குப் போய், ஏகநாதனின் பின்னால் நின்றுகொண்டு சட்டையில் மரத்தூள் ஒட்டியிருக்கிறதா என்று தேடினான்.

"இன்னா மச்சான், என் முதுவுல இன்னா தேடுற?"

"ஒண்ணுமில்ல. எறும்பு."

ஏகநாதன் திரும்பி, இவன் தோளைப் பிடித்துத் திருப்பி, ஒரு தட்டு தட்டினான். "முதல்ல உன் முதுவைப் பாரு. பூரா மரத்தூளு. அக்கா வூட்ட வுட்டுத் தொரத்திட்டாளா?"

கடையில் சிரித்தார்கள். லோகநாதனும் சிரித்தான். அவன் அப்போதுதான் குளித்துவிட்டு, ஜெயக்கொடி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த சலவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஜெயக்கொடி ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்து, காதறுந்த கடாவை வாய்க்காலுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒத்திகை பார்த்தான். கோயிலில் கடாவை நிறுத்தி மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு துலுக்கவேண்டும். துலுக்கினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று அர்த்தம். பெண்கள் குலவை போடுவார்கள், கத்தி இறங்கும். துலுக்காத கடாவை யாரும் தொடமாட்டார்கள். லோகநாதன் ஒரு சொம்பு ஊற்றினான். இரண்டு சொம்பு. மூன்றாவதை நேரே காதுக்குள் ஊற்றினான். கடா, மனு வாங்குகிற தாசில்தார் மாதிரி நின்றது. மூக்கு நுனியில் சொட்டிய மஞ்சத்தண்ணியை நக்கிவிட்டு அவனைப் பார்த்தது. அவன் இடது காதைப் பார்த்தது.

வீட்டில் ஜெயக்கொடி, "ஞாயித்துக்கெழமை கடா துலுக்கலன்னா இன்னாயா பண்றது?" என்று கேட்டாள்.

"துலுக்கும்."

"துலுக்கலன்னா?"

"ஏண்டி வாயை வைக்கிற?"

"நான் சொன்னது உசுருக்கு உசுருயா" என்றாள் அவள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. "கடான்னு வாயால சொல்லல. கடாவ அப்புறமாத்தான் காட்டினேன்."

சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம். கோயில் பக்கம் பம்பை அடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். மழை இல்லை, மேகமும் இல்லை. கரண்ட் மட்டும் போயிருந்தது. லோகநாதன் அரிக்கேன் விளக்கோடு ஆடுகளை அடைக்கக் கொட்டாய்க்கு வந்தான். மத்தியானம்தான் தூளையெல்லாம் கிளறிச் சமன்படுத்தியிருந்தான். ஆடுகள் இன்னும் வெளியேதான் நின்றன. உள்ளே ஒரே ஒரு பள்ளம் இருந்தது.

இப்போது அது ஆட்டின் பள்ளமே இல்லை. தலைக்கு ஒரு குழி, தோளுக்கு ஒரு குழி, மடக்கிய முழங்காலுக்கு ஒரு குழி. ஒருக்களித்துப் படுத்த ஆள்.

பயத்தை முந்திக்கொண்டு லோகநாதனுக்கு ஒரு திருப்திதான் வந்தது. ஆடில்லை, ஆள்தான். அகப்பட்டான் திருடன். ஏகநாதன் தன்னைவிட நாலு விரற்கடை உயரம். இதில் படுத்துப் பார்த்துக் கால்மாட்டில் நாலு விரற்கடை மிச்சமிருந்தால், நாளைக்குக் கோயிலில் எல்லார் முன்னாலும் மச்சானின் கழுத்தைப் பிடித்துவிடலாம். சந்தேகக்காரன் புத்திக்கு இதைவிடச் சுத்தமான அளவுகோல் எங்கே கிடைக்கும்? விளக்கைக் கீழே வைத்துவிட்டு, ஒருக்களித்துப் படுத்தான்.

மிச்சமில்லை.

தலை தலைக்குழியில் உட்கார்ந்தது. தோள் தோளில். அவன் சின்ன வயதில் வேப்பமரத்திலிருந்து விழுந்து வலது முழங்கை கோணலாகக் கூடியிருந்தது. அந்தக் கோணலுக்கும் அங்கே ஒரு இடம் இருந்தது. கீழேயிருந்து சூடு ஏறியது. மூக்கில் மஞ்சள் வாசனை.

எழுந்திருக்கப் பார்த்தான். அதற்குள் ஆடுகள் உள்ளே வந்துவிட்டன. அவன் கூப்பிடவில்லை. ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்கள் மாதிரி, அவசரமில்லாமல். முதுகுப் பக்கம் ஒன்று சாய்ந்தது. வயிற்றுப் பக்கம் ஒன்று. கால்மேல் ஒன்று. வெதுவெதுவென்று, கனமாக. பதினோரு தாடைகள் அரைத்தன. அரிக்கேனின் திரி சுருங்கியது. காதறுந்த கடா மட்டும் படுக்கவில்லை. வாசலில் நின்றது.

"ஜெயக்கொடி" என்று கூப்பிட்டான். குரல் கமறலாக வந்தது.

மேலேயிருந்து ஒரு சொட்டு.

நெற்றியில் விழுந்தது. ஷீட்டில் ஓட்டையில்லை. அவனே திருகிப் பார்த்த போல்ட்டு. வானத்தில் மழையில்லை.

இரண்டாவது சொட்டு. பிடரியில். ஐஸ் மாதிரி. வழிந்து மூக்கு நுனிக்கு வந்தது. மஞ்சள்.

புரிந்தது. எல்லாம் புரிந்தது. அசையக்கூடாது. பல்லைக் கடித்தான். தாசில்தார் மாதிரி. அந்தக் கடா நின்ற மாதிரி. துலுக்காவிட்டால் தொடமாட்டார்கள். துலுக்காவிட்டால். பம்பை நின்றது. அரைக்கிற சத்தமும் நின்றது.

மூன்றாவது சொட்டு. இடது காதில்.

எரிந்தது. பச்சைப் புண்ணில் பட்ட மாதிரி. கை தானாகப் போனது. காது மடலில் விரல் தடவிய இடத்தில், முக்கோணமாக, சதை இல்லை.

தலையிலிருந்து கால்வரை ஒரு சிலிர்ப்பு. அவன் சிலிர்க்கவில்லை. உடம்பு சிலிர்த்தது.

ஆடுகள் எழுந்தன. பத்தும். வாசல்வரை வழி விட்டு, இரண்டு வரிசையாக நின்றன.

வாயைத் திறந்து, குலவை போட்டன.