பூனைப் படத்தின் வால்

உலகத்தின் மூத்த மொழிகளில் ஒன்றைக் காப்பாற்றும் மாபெரும் பணி, புனே நகரத்துப் போபோடியில், ஞாயிற்றுக்கிழமை மாலை சரியாக நான்கு மணிக்குத் தொடங்குவதாக இருந்தது. சமோசா வரத் தாமதமானதால் நாலே முக்காலுக்குத் தொடங்கியது.

தமிழ்ச் சங்கத் தலைவர் அனந்தராமன் மகர்பட்டாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது வருடம் இருந்தவர். அதை அவர் யாரையும் மறக்க விடுவதில்லை. இந்த ஆண்டு விழாவில் வேற்றுமொழிச் சொல் ஒன்றுகூடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தார். சமோசாவுக்கு என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் அதைப் பெயர் சொல்லாமலே பரிமாறினார்கள்.

பத்து வயது தமன்னாவுக்கு மொழியைப் பற்றிக் கவலை இல்லை. அவளுடைய கவலையெல்லாம் பூனையைப் பற்றியது.

ஒரு மாதமாகத் தெருப் பிள்ளைகளை வைத்து, அம்மாவின் போனில் அவள் ஒரு படம் எடுத்திருந்தாள். பெயர் ‘பூனையைக் காணோம்’. ஒன்பது நிமிடம். ஆறு வயதுத் தம்பி அனீஸ்தான் பூனை. போனில் இடம் போதாமல், படத்தைப் பென்டிரைவில் போட்டுச் சங்கத்தில் கொடுத்துவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார்கள். இப்போது அந்தப் படம் உலகத்திலேயே அந்த ஒரு பென்டிரைவில்தான் இருந்தது.

அம்மா குல்சும் விமான் நகரில் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறார். அன்று அவருக்கு ஆறு மணிக்குப் பஸ். நீல நிற வேலைச் சட்டையோடே வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மையால் மீசை வரைந்த பூனை.

முதலில் வாழ்த்துப் பாட்டு. மடிக்கணினி அதைப் பாட மறுத்தது. “இதை எதில் திறப்பது?” என்று திரையில் கேட்டுவிட்டுச் சும்மா இருந்தது. செயலாளர் பாலச்சந்திரன் தானே பாடிவிட்டார். அடுத்து நடனத்துக்கான இசை. அதுவும் ஓடவில்லை. அதற்கும் அவரே பாடினார். நடனம் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மூன்றாவது, பூனை. அதுவும் ஓடவில்லை. மணி ஐந்து இருபது.

“படத்துக்கு நானும் பாட முடியாதே” என்றார் பாலச்சந்திரன்.

தலைவர் மேடைக்கு வந்தார். மார்போடு அணைத்திருந்த பேச்சுத் தாளைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் மடிக்கணினியை அணைத்துப் போட்டார். ஒயரைப் பிடுங்கிச் செருகினார். மின்விசிறிகளை நிறுத்தச் சொன்னார். கூட்டத்துக்கு வியர்த்தது. படம் ஓடவில்லை.

“கோடெக் கரப்ட் ஆயிருச்சு. பென்டிரைவை ஃபார்மட் பண்ணிடலாம்.” அவசரத்தில் அவருடைய தமிழ் கொஞ்சம் நழுவியது.

தமன்னா ஓடிப்போய்ப் பென்டிரைவின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

“அழிக்காதீங்க, அங்கிள். என் படம் இதுல மட்டும்தான் இருக்கு.”

“இது பெரியவங்க சமாச்சாரம்மா. போய் உட்காரு.”

அவள் கையை எடுக்கவில்லை. பாலச்சந்திரனைப் பார்த்து, “காகா, லேப்டாப்ல வேற வீடியோ எதாவது ஓடுதா?” என்று கேட்டாள். மராத்தியில் காகா என்றால் சித்தப்பா. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் மட்டும் காக்காயைத் தேடுவார்கள்.

அவர் தன் பேத்தியின் பிறந்தநாள் வீடியோவைத் தட்டினார். ஓடியது, சத்தத்தோடு.

“அப்போ லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கு. பென்டிரைவுல இருக்கிறது எதுவுமே ஓடலையா?”

“பதினொண்ணுல ஒண்ணுகூட ஓடல.”

“பதினொண்ணும் ஒரே நேரத்துல கெட்டுப்போகுமா? எல்லாத்துக்கும் ஒரே மாதிரி யாரோ என்னமோ பண்ணியிருக்காங்க, காகா.”

பாலச்சந்திரன் தலைவரிடம் திரும்பினார். “ஃபைல் பேரெல்லாம் நீங்க வெச்சதுதானே? என்னென்னன்னு வாசிங்களேன்.”

“கண்ணாடியை வீட்டுல விட்டுட்டேன்” என்றார் தலைவர்.

“நான் வாசிக்கிறேன்” என்றாள் தமன்னா.

அவள் படிப்பது மராத்திப் பள்ளியில். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். முன்வரிசைப் பையன்கள் அப்போதே சிரிக்கத் தயாரானார்கள்.

“பூ… னை… யை… க்… கா… ணோம்…” பையன்கள் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. வேகமாக வாசிப்பவர்கள் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள். அவள் கடைசி எழுத்துவரை போனாள். “புள்ளி… கா… ணொ… ளி. காணொளின்னா என்ன, காகா?”

“வீடியோவுக்குத் தமிழ்.”

“நான் குடுக்கும்போது புள்ளிக்கு அப்புறம் எம்பி4னு இருந்துச்சே?”

தலைவர் நிமிர்ந்து நின்றார். “ரெண்டு நாள் உட்கார்ந்து மாத்தினேன். பாட்டுக்கெல்லாம் புள்ளி பாட்டு. படத்துக்கெல்லாம் புள்ளி காணொளி. நம்ம விழாவுல எதுக்கு ஆங்கில வால்?”

“மாத்தும்போது கம்ப்யூட்டர் ஒண்ணும் சொல்லலையா, அங்கிள்?”

“ஓடாமப் போயிடும், பரவாயில்லையானு ஒவ்வொரு தடவையும் கேட்டுச்சு.”

“நீங்க?”

“தமிழுக்காகப் பரவாயில்லைன்னேன்.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் மாதிரி இல்லை. தலைவரின் காது சிவந்தது. மூன்றாவது வரிசையில் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து முப்பத்தெட்டு.

தமன்னா மெதுவான குரலில் சொன்னாள்: “கம்ப்யூட்டருக்கு இன்னும் தமிழ் வராது, அங்கிள். வாலைப் பார்த்துத்தான் அது படமா பாட்டானு கண்டுபிடிக்கும். வாலை மட்டும் அதுக்கு விட்டுக் குடுத்துடலாம். பேரு தமிழ்லயே இருக்கட்டும்.”

தலைவர் யோசித்தார். பிறகு ஒலிபெருக்கியில் அறிவித்தார்: “கணினியின் அறியாமையை இன்று ஒருநாள் மன்னிக்கிறோம்.”

“முதல்ல ஒரு காப்பி எடுத்துக்கலாம், காகா” என்றாள் தமன்னா. எடுத்தார்கள். அந்தக் காப்பியில், புள்ளிக்குப் பிறகு இருந்ததை அழித்துவிட்டு எம், பி, நான்கு என்று மூன்றே விசைகளைத் தட்டினாள். கணினி மறுபடியும் பரவாயில்லையா என்று கேட்டது. பரவாயில்லை என்றாள்.

திரையில் போபோடித் தெரு வந்தது. அதில் ஒரு பூனை நான்கு காலில் வந்து, வடை வைத்த வடாபாவ் பன்னைத் திருடியது. கூடம் அதிர்ந்தது. சிரித்த பையன்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள். அம்மாவின் மடியில் இருந்த பூனை, “அம்மா, அது நான்” என்று ஒன்பது நிமிடமும் சொல்லிக்கொண்டே இருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்குப் படம் முடிந்தது. அம்மா எழுந்து, வாசலில் நின்று ஒருமுறை மகளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்தது தலைவரின் பேச்சு: ‘தாய்மொழியில் எழுதுவோம்’. மைக்கின் கழுத்து நிற்காமல் தொங்கியது. அதனால் அதைப் பிடித்துக்கொள்ளத் தமன்னாவைப் பக்கத்தில் நிறுத்தினார்கள். தலைவர் தாளைப் பிரித்தார். கண்ணாடி இல்லாமலே கடகடவென்று வாசித்தார். ஒரு வேற்றுமொழிச் சொல்கூட வரவில்லை. கூடம் கைதட்டியது. தமன்னா தாளை எட்டிப் பார்த்தாள். யாரிடமும் அவள் ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சு முழுவதும் தமிழ். எழுத்து முழுவதும் ஆங்கிலம்.