அக்காள் கட்டிக்கொடுத்த தங்கப்பல்

எழுதிப் பழகாதவள் எழுதுகிறேன். சொற்பிழை, பொருட்பிழை இருப்பின் பெரியோர் பொறுத்தருள வேண்டும். பிறர் வீட்டுத் துயரத்தைச் சொல்லத் துணிந்ததற்கும் முதலிலேயே மன்னிப்பு வேண்டுகிறேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் ஆண்டு. ஆயர் ஈத்தாம் என்னும் ஊரில், அவர்கள் வீட்டு வாசலில் காலையிலேயே ரஹீமின் டெக்சி வந்து நின்றுவிட்டது. அருந்ததி தன் கணவர் நாகநாதனுக்குச் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் நின்றுபோயிருந்த கதிர் சிகிச்சை அன்றுதான் மீண்டும் தொடங்குகிறது. இன்னும் ஒரு நாள் தவறினாலும் தம்மால் பொறுப்பேற்க இயலாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சாமி அறையிலிருந்து வள்ளிநாயகி வெளியே வந்தாள். நாகநாதனின் அக்காள், தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். அவள் உள்ளங்கையில், விபூதித் தட்டில் கிடந்த தங்க உறை. தம்பிக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை கிடைத்தபோது, தன் தோடுகளை அழித்து அவள் கட்டிக்கொடுத்த தங்கப்பல்லின் உறை அது. அன்றுமுதல் அவள் காதுகள் வெறுங்காதுகள்.

"என்னடி இது? உயிரோட இருக்கிறவன் வாயிலேருந்து பொன்னை எடுத்திருக்கே... பொணத்து வாயிலதான்டி எடுப்பாங்க!"

"மச்சாள்... டெக்சி நிக்குது. வந்து சொல்றேன்..."

"வாய்ப்புண்ணுக்கு தெனமும் டெக்சியா? அடகு வைக்க என் தம்பி வாய்தான் கெடைச்சுதா ஒனக்கு? அவன் எங்கயும் வரமாட்டான்லா!"

கதவைச் சாத்திக் குறுக்கே நின்றாள். வெளியே ஹார்ன் இருமுறை ஒலித்தது.

அருந்ததி கணவரைப் பார்த்தாள். நோயின் பெயர் அக்காள் காதில் விழக் கூடாது, வாய்ப்புண் என்றே சொல்ல வேண்டும் என்று அவர் சத்தியம் வாங்கியிருந்தாரே!

வாய் புண்ணாகியிருந்ததால் நாகநாதனால் பேச முடியவில்லை. அக்காளின் கையிலிருந்த உறையை எடுத்தார். அவளைச் சன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துச் சென்று, தன் வாயைத் திறந்து, கன்னத்தை விரலால் விலக்கினார். உள்ளே ஒரே ஓர் இடம் மட்டும் வெந்து கிடந்தது. உறையை அதன் அருகில் பிடித்துக் காட்டினார். இரண்டும் ஒரே அளவு.

"ஐயோ... என்ன தம்பி இது?"

அருந்ததி சத்தியத்தை உடைத்தாள்.

"நாக்குல புற்று, மச்சாள்... கரண்ட் வைக்கிறாங்க. தங்கத்தைக் கழட்டிடுங்கன்னு ஆஸ்பத்திரி நர்ஸ் ரொஸ்னா மிஸி மொத நாளே சொன்னாங்க. கதிர் பட்டா தங்கம் அதை ஒட்டுன சதைமேலயே திருப்பி அடிக்குமாம்... அந்த எடத்துல சூடு ரெண்டு மடங்காயிடுமாம். நான்தான் மாட்டேன்னுட்டேன்! பல்லுல தங்கம் இல்லாட்டி நீங்க கேப்பீங்க, நோய் தெரிஞ்சிடும்... தோட்டை அழிச்சு நீங்க போட்டது, அதை எப்படி மச்சாள் கழட்டச் சொல்வேன்? கன்னம் வெந்துபோச்சு, அப்புறந்தான் கழட்டினோம்... வைத்தியம் நின்னுபோச்சு... நான் பாவி!"

வள்ளிநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொன்னா அவனைச் சுட்டுச்சு...? எனக்குப் பயந்தா இவ்வளவும் தாங்கினே? நான் பேசின பேச்சை மன்னிச்சிடுடி, என் கண்ணே!"

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுதபடியே வள்ளிநாயகி கதவை விரியத் திறந்தாள்.

"ரஹீம் அண்ணே, போயிடாதீங்க! நானும் வரேன்லா!"

செருப்புப் போடவும் மறந்து முன்னிருக்கையில் ஏறிக்கொண்டாள்.

அவர்கள் இழந்தவை இவை. ஒரு சோடித் தோடு. ஒரு தங்க உறை. அது டெக்சியில் எங்கோ விழுந்தது, யாரும் தேடவில்லை. பன்னிரண்டு நாள் சிகிச்சை. அந்த நாள்களில் நோய் கழுத்துக்கு இறங்கியதால், நாகநாதனின் குரல். ஐப்பசி பதினொன்றாம் நாள், ஐம்பத்திரண்டாம் வயதில், நாகநாதன்.